லியோ ஃபெண்டர்

லியோ ஃபெண்டர் என அறியப்படும் கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த இசைக்கருவி வடிவமைப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின் கிட்டார்களும், பிரிசிசன் பேஸ், ஜாஸ் பேஸ் ஆகிய மின் பேஸ் கிட்டார்களும் இவர் நிறுவிய நிறுவனத்தில் இவரது தலைமையில் உருவானவை.

வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடைக்காரராகத் தொழிலைத் தொடங்கிய ஃபெண்டர், இசைக்கருவியையும் ஒரு பழுதுபார்ப்பவரின் கண்கொண்டே நோக்கினார். தேய்ந்த பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தக்கூடிய வகையில் இவரது கருவிகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டன. குறைந்த விலையில் ஒரு பேஸ் கிட்டாரை வாங்கி, அதன் பாகங்களை ஒவ்வொன்றாகத் தரம் உயர்த்திக்கொள்ளும் இன்றைய வழக்கம் இவ்வடிவமைப்பிலிருந்து தோன்றியதாகும். இத்தனைக்கும் இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது.

பிறப்பும் இளமையும்

ஃபெண்டர் கலிபோர்னியாவின் அனஹைம், புல்லர்டன் ஆகிய ஊர்களுக்கு இடையே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் ஏற்பட்ட நோயினால் இடது கண்ணை இழந்து, கண்ணாடியால் ஆன செயற்கைக் கண் பொருத்திக்கொண்டார். இக்காரணத்தால் இரண்டாம் உலகப்போரின்போது இவர் படைப்பணிக்கு அழைக்கப்படவில்லை.

இவரது மாமா ஒருவர் சான்டா மரியா என்னும் ஊரில் வாகன மின்சாதனக் கடை நடத்திவந்தார். அவர் அனுப்பிய பழைய வாகன வானொலிப் பாகங்களும் ஒரு மின்கலமும் அடங்கிய பெட்டியே ஃபெண்டரின் மின்னணு ஆர்வத்திற்கு வித்திட்டது. அடுத்த ஆண்டு அக்கடைக்குச் சென்றபோது, உதிரிப் பாகங்களைக் கொண்டு மாமா உருவாக்கியிருந்த வானொலியிலிருந்து எழுந்த பலத்த இசை இவரை மிகவும் கவர்ந்தது. அதன்பின் பள்ளி மாணவராக இருக்கும்போதே வீட்டில் வானொலிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்.

1928ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்த ஃபெண்டர், புல்லர்டன் இளநிலைக் கல்லூரியில் கணக்கியல் பயின்றார். மின்னியலில் இவர் முறையான கல்வி எதுவும் பெறவில்லை. பின்னர் கணக்கராகப் பணியாற்றினார். 1934இல் எஸ்தர் கிளாஸ்கி என்பவரை மணந்தார். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் இவர் வேலையை இழக்க நேரிட்டது.

வானொலிக் கடை

1938ஆம் ஆண்டு, கடனாகப் பெற்ற 600 டாலரைக் கொண்டு புல்லர்டன் நகரில் ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்னும் கடையைத் திறந்தார். வானொலிகள், இசைத்தட்டு இயக்கிகள் ஆகியவற்றுடன் இசைக்கலைஞர்களின் ஒலிபெருக்கிகளும் மின் கிட்டார்களும் பழுதுபார்க்கக் கொண்டுவரப்பட்டன. எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகிறது, எந்த அமைப்பைத் திறப்பது கடினம், ஒரு கருவி பழுதானால் அதை நம்பிப் பிழைக்கும் கலைஞருக்கு எத்தனை நாள் வருமானம் கெடுகிறது என்பனவற்றை ஃபெண்டர் இக்கடையிலேயே அறிந்துகொண்டார்.

டாக் காஃப்மன் என்னும் இசைக்கலைஞருடன் இணைந்து 1940களின் நடுப்பகுதியில் கே அண்ட் எஃப் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகை மின் கிட்டார்களும் ஒலிபெருக்கிகளும் அங்கே செய்யப்பட்டன. பிக்கப் எனப்படும் காந்த உணர்வியைச் சோதிப்பதற்காக இருவரும் 1943இல் திண்ணிய மரத்தாலான ஒரு கிட்டாரை உருவாக்கியிருந்தனர். சோதனைக்கென்றே செய்யப்பட்ட அக்கருவியை உள்ளூர்க் கலைஞர்கள் விரும்பி வாடகைக்கு எடுத்துச் சென்றனர். 1946இல் காஃப்மன் விலகிக்கொள்ள, ஃபெண்டர் தம் பெயரில் தனி நிறுவனத்தைத் தொடங்கினார்.

திருகாணியால் இணைந்த கிட்டார்

1948இல் ஜார்ஜ் புல்லர்டன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1950ஆம் ஆண்டு எஸ்குவயர், பிராட்காஸ்டர் ஆகிய மின் கிட்டார்கள் வெளியாயின. பிராட்காஸ்டர் என்ற பெயரை ஒத்த பெயரில் கிரெட்ச் நிறுவனம் முரசுகளை விற்றுவந்ததால், 1951இல் இக்கிட்டாருக்கு டெலிகாஸ்டர் எனப் பெயர் மாற்றப்பட்டது.

அக்காலத்தில் உயர்தரக் கிட்டார்களின் கழுத்துப் பகுதி, உடற்பகுதியுடன் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. கழுத்து வளைந்தாலோ மெட்டுகள் தேய்ந்தாலோ தேர்ந்த கைவினைஞர் ஒருவரிடம் கருவியை நெடுநாள் விட்டுவைக்க வேண்டும். ஃபெண்டரின் கிட்டாரில் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு இணைக்கப்பட்டது. உடல் என்பது உள்ளீடற்ற பெட்டியாக இல்லாமல் ஒரு மரப்பலகையாக இருந்தது. மின்சுற்று முழுவதும் சிறு உலோகத் தகட்டில் பொருத்தப்பட்டிருந்ததால், இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் அதனை வெளியே எடுக்க முடிந்தது.

தொடக்கத்தில் இவ்வடிவத்தைப் போட்டியாளர்கள் ஏளனமாகப் பார்த்தனர். மரவேலையின் நுட்பம் இதில் இல்லை என்பது அவர்களது குறை. ஆனால் இதனால் விலை குறைந்தது, செய்யும் நேரம் சுருங்கியது, பழுதுபார்ப்பதும் எளிதாயிற்று.

இக்கருவிகளைச் செய்த தொழிலாளர்களுள் மெக்சிக்க வம்சாவளியினர் பலர் இருந்தனர். பிக்கப்புகளுக்குக் கம்பி சுற்றும் நுண்ணிய வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். அவர்களுள் 1956இல் பணியில் சேர்ந்த அபிகெயில் இபாரா பிற்காலத்தில் இசைக்கலைஞரிடையே பெரும் புகழ் பெற்றார்.

பிரிசிசன் பேஸ்

மேடைகளில் தாழ்ந்த சுரங்களை இசைப்பதற்கு அதுவரை டபுள் பேஸ் என்னும் ஆளுயர நரம்புக் கருவியே பயன்பட்டது. அதனை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது கடினம். முரசுகளும் மின் கிட்டார்களும் ஒலிக்கும் இடத்தில் அதன் ஒலி அமுங்கிப்போயிற்று. மெட்டுகள் இல்லாததால் சுரத்தானத்தைச் செவியால் மட்டுமே அறிந்து விரல் வைக்க வேண்டியிருந்தது.

ஒலி போதாமை என்னும் இச்சிக்கல் மேலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஒலிவாங்கிகள் பரவலாகாத 1920களில், மைசூர் டி. சௌடையா தம் வயலினின் ஒலி அரங்கின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்பதற்காகத் தந்திகளைக் கூட்டி ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். சௌடையா தந்திகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்; ஃபெண்டர் மின்சாரத்தை நாடினார்.

மெட்டுகள் கொண்ட திண்ணிய மின் பேஸ் கருவியை 1930களிலேயே சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் செய்திருந்தார். எனினும் அது பரவலாகவில்லை. 1951இன் இறுதியில் ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிசன் பேஸ் கருவியே பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டு வெற்றி பெற்ற முதல் மின் பேஸ் கிட்டாராகும். மெட்டுகள் இருப்பதால் சுரம் துல்லியமாக அமையும் என்பதைக் குறிக்கவே துல்லியம் எனப் பொருள்படும் இப்பெயர் இடப்பட்டது.

இக்கருவியில் நான்கு தந்திகளும் 20 மெட்டுகளும் இருந்தன. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இவ்வளவே இன்றும் பேஸ் கிட்டார்களின் பொது அளவாக உள்ளது. தந்திகள் டபுள் பேஸைப் போலவே ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி சேர்க்கப்பட்டன. மிகத் தாழ்ந்த ஈ தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் ஆகும். இத்தாழ்ந்த ஒலியைத் தாங்கவல்ல பேஸ்மேன் என்னும் ஒலிபெருக்கியை 1952இல் ஃபெண்டர் வெளியிட்டார்.

ஃபெண்டர் தம் படைப்பை முடிந்த பொருளாகக் கருதியதில்லை. தொழிற்சாலைக்கு வரும் கலைஞர்களிடம் குறைகளைக் கேட்டறிந்து பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்தார். இக்கருவியில் செய்யப்பட்ட முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

1954: உடற்பகுதியின் கூரிய விளிம்புகள், வாசிப்பவரின் உடலை உறுத்தாதபடி வளைவாகச் செதுக்கப்பட்டன.

1957: முதலில் குதிரையில் இரண்டு தந்திகளுக்கு ஒரு தாங்கி என்ற முறையில் இரண்டு தாங்கிகளே இருந்தன. இதனால் ஒரு தந்தியின் சுருதியைச் சரிசெய்தால் பக்கத்துத் தந்தியின் சுருதி பிசகியது. இவ்வாண்டு முதல் ஒவ்வொரு தந்திக்கும் தனித் தாங்கி அமைக்கப்பட்டது.

1957: ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குப் பதிலாக, இரண்டாகப் பிளந்த பிக்கப் பொருத்தப்பட்டது. இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்திருப்பதால், மின்கம்பிகளிலிருந்து நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது.

1960இல் ஜாஸ் பேஸ் வெளியாயிற்று. இதன் கழுத்து மேல்முனையில் குறுகலானது, பிக்கப்புகள் இரண்டு. ஃபெண்டர் தம் நிறுவனத்திற்காக இறுதியாக வடிவமைத்தது, 1966இல் வெளிவந்த மஸ்டாங் பேஸ் என்னும் சிறிய கருவியாகும்.

நிறுவன விற்பனை

1955 முதல் ஃபெண்டர் தொண்டை, நாசிப் பகுதிகளில் தொற்றுநோயால் துன்புற்றார். நோய் தீராது எனக் கருதிய அவர், நிறுவனத்தை 1965ஆம் ஆண்டு சனவரி மாதம் 13 மில்லியன் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திற்கு விற்றார். அதன்பின் வேறொரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். நோய் நீங்கியபோது நிறுவனம் அவர் கையில் இல்லை.

1970களில் ஃபெண்டர் கருவிகளின் தரம் குறைந்துவிட்டதாகக் கலைஞர்கள் பலர் குறைகூறினர். கழுத்தை இணைக்கும் நான்கு திருகாணிகள் சில வகைகளில் மூன்றாகக் குறைக்கப்பட்டதும் இக்குறைகளுள் ஒன்று. இணைப்பு தளர்ந்தால் கழுத்து பக்கவாட்டில் நகர்ந்து தந்திகள் இடம்மாறும். பாகங்களால் ஆன கருவிக்கு அப்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இறுக்கமே உயிர் என்பதை இது உணர்த்தியது. 1985இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையிலான ஊழியர் குழுவினர் சிபிஎஸ்ஸிடமிருந்து நிறுவனத்தை வாங்கினர்.

மியூசிக் மேன், ஜி அண்ட் எல்

விற்பனை ஒப்பந்தப்படி ஃபெண்டர் பத்து ஆண்டுகள் போட்டி நிறுவனம் தொடங்க இயலாதிருந்தார். அக்காலம் முடிந்தபின், பழைய ஊழியர்களான ஃபாரஸ்ட் ஒயிட், டாம் வாக்கர் ஆகியோர் தொடங்கிய மியூசிக் மேன் நிறுவனத்திற்கு 1975இல் தலைவரானார். 1976இல் வெளிவந்த ஸ்டிங்ரே பேஸ், மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியை உள்ளே கொண்டிருந்தது. தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் கருவியிலேயே கூட்டவும் குறைக்கவும் இதனால் முடிந்தது.

பின்னர் ஜார்ஜ் புல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். மனைவி எஸ்தர் 1979இல் காலமானார். 1980இல் ஃபிலிஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். இந்நிறுவனத்திலும் குதிரை, பிக்கப் ஆகியவற்றை மேம்படுத்துவதிலேயே ஃபெண்டர் காலத்தைச் செலவிட்டார்.

இறுதிக்காலம்

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோயால் பாதிக்கப்பட்டபோதும் ஃபெண்டர் நாள்தோறும் பணிக்கூடத்திற்கு வந்தார். 1991ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் புல்லர்டனில் காலமானார். இறப்பதற்கு முந்தைய நாள்வரை அவர் பணியாற்றினார். சான்டா அனா நகரில் உள்ள ஃபேர்ஹேவன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பாகங்களை மாற்றும் வழக்கம்

ஃபெண்டர் வகுத்த அளவுகளையே உலகின் பல நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. ஃபெண்டர் நிறுவனமே 1982 முதல் ஸ்குவயர் என்ற பெயரில் விலை குறைந்த கருவிகளை விற்கிறது. மலிவான கருவியிலும் உயர்ந்த கருவியிலும் உடலும் கழுத்தும் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்டவை. வேறுபாடு பெரும்பாலும் மரத்தின் தேர்வு, மெட்டுகளின் முடிப்பு, மின்சுற்று, உலோகப் பாகங்கள் ஆகியவற்றில் உள்ளது. ஆகவே மாணவர்களும் தொடக்கநிலைக் கலைஞர்களும் மலிவான பேஸ் கிட்டாரை வாங்கிச் சிறிது சிறிதாகத் தரம் உயர்த்துகின்றனர்.

பாகங்களை வாங்குவதற்கு முன் செய்யத்தக்க சரிசெய்தல்கள் மூன்று. கழுத்தினுள் உள்ள டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பியை முறுக்கிக் கழுத்தின் வளைவைச் சீராக்குதல், குதிரைத் தாங்கிகளின் உயரத்தை அமைத்தல், தாங்கிகளை முன்பின் நகர்த்திச் சுருதியைச் சரிபார்த்தல் என்பன அவை. மோசமான கருவி எனக் கருதப்படும் பலவற்றின் குறை இவற்றாலேயே நீங்குகிறது.

அதன்பின் பொதுவாக மாற்றப்படும் பாகங்கள்:

தந்திகள்: செலவு குறைந்த மாற்றம், ஒலியில் தெளிவான வேறுபாட்டைத் தருவது. தட்டைச் சுற்றுத் தந்திகள் மென்மையான ஒலியையும் உருண்டைச் சுற்றுத் தந்திகள் கூர்மையான ஒலியையும் தருகின்றன.

பிக்கப்: மலிவான கருவிகளில் பெரும்பாலும் பீங்கான் வகைக் காந்தங்கள் உள்ளன. இவற்றுக்குப் பதிலாக அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு கலந்த அல்னிகோ காந்தங்கள் கொண்டவை பொருத்தப்படுகின்றன. ஜாஸ் பேஸ் வகையில் இரு பிக்கப்புகளின் நீளமும் சற்று வேறுபடும். சில மலிவுக் கருவிகளில் இரண்டும் ஒரே நீளம். எனவே வாங்குமுன் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

மின்சுற்று: ஒலியளவையும் ஒலித்தன்மையையும் மாற்றும் குமிழ்களின் மின்தடை பொதுவாக 250 கிலோ ஓம். தேய்ந்த குமிழ்கள் கரகரப்பை உண்டாக்கும். மின்சுற்று அமைந்த குழியின் உட்புறத்தில் செப்புத் தகடு ஒட்டி, அதைக் குதிரையோடு மின்னிணைப்பில் சேர்த்தால் இரைச்சல் குறையும்.

குதிரை: தடித்த குதிரை உறுதியாக நிற்பது, தாங்கிகள் அதிர்வால் இடம்பெயர்வது குறையும். ஒலியில் இதனால் விளையும் மாற்றம் சிறிதே.

பிருடைகள்: பற்சக்கரம் தளர்ந்த பிருடை, சுருதியை நிலைநிறுத்தாது. புதிய பிருடையின் துளை அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

முறுக்கிக்கொண்ட கழுத்தை மேற்கண்ட எந்தப் பாகமும் திருத்த இயலாது. அந்நிலையில் கழுத்தையே கழற்றி மாற்ற வேண்டும். ஒட்டப்பட்ட கழுத்தாயின் அக்கருவி பெரும்பாலும் பயனற்றுப்போகும். நான்கு திருகாணிகளின் முழுப் பயனும் இங்கேதான் விளங்குகிறது.

இரு பெருங்கலைஞர்களின் கருவிகள் இவ்வழக்கத்தின் இரு எல்லைகளைக் காட்டுகின்றன. மோட்டவுன் இசைப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) தம் 1962ஆம் ஆண்டுப் பிரிசிசன் பேஸின் தந்திகளைக்கூட மாற்ற விரும்பாதவர். ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) தம் ஜாஸ் பேஸின் மெட்டுகளை அகற்றி, விரற்பலகையின்மேல் எப்பாக்சிப் பசை பூசி, மெட்டற்ற பேஸ் கருவிக்குத் தனி இடம் தேடித் தந்தார்.

ஃபெண்டரின் கொள்கைக்கு நேர்மாறான விளைவு ஒன்றும் உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட கருவிகளைச் சேகரிப்போர், எந்தப் பாகமும் மாற்றப்படாத கருவிக்கே மிகுந்த விலை தருகின்றனர். கழற்றி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி, கழற்றப்படாமல் இருப்பதனால் மதிப்புப் பெறுகிறது.

தமிழ்நாட்டுச் சூழலில்

தமிழ்நாட்டின் இசைக்கருவி மரபில் இவ்விரு நோக்குகளும் முன்பே உள்ளன. தஞ்சாவூர் வீணையில், ஒரே பலாமரத் துண்டில் குடையப்படும் ஏகாந்த வீணை, பகுதிகளாகச் செய்து இணைக்கப்படும் ஒட்டு வீணையைவிட உயர்ந்ததாக மதிக்கப்படுகிறது. எனினும் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. மெழுகு தளரும்போது அவற்றை எடுத்து மீண்டும் பதிக்கின்றனர். மிருதங்கத்தின் தோலும் தேயத் தேய மாற்றப்படுகிறது. கருவியின் எப்பகுதி நிலையானது, எப்பகுதி மாறுவது என்பதை ஒவ்வொரு மரபும் தனக்கேற்ப வகுத்துக்கொள்கிறது. ஃபெண்டர் அனைத்தையும் மாறும் பகுதியாக்கினார்.

தமிழ்த் திரையிசையில் 1970கள் முதல் மின் பேஸ் கிட்டார் முதன்மை பெற்றது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்திற்குத் துணைநிற்பதோடு தனி மெட்டாகவும் இயங்குகிறது. மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் இக்கருவி பரவலாகப் பயன்படுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரை போன்ற பகுதிகளில் உப்புக்காற்றால் தந்திகளும் குதிரைத் திருகாணிகளும் விரைவில் துருப்பிடிக்கும். வேடந்தாங்கல் போன்ற ஏரி சூழ்ந்த உட்பகுதிகளிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் மிகும். மரக்கழுத்து அதற்கேற்ப வளையும். கோடையில் மீண்டும் மாறும். ஆகவே இங்குள்ள கருவிகளில் டிரஸ் ராடைப் பருவந்தோறும் சரிபார்ப்பதும், துருப்பிடித்த சிறு திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையாக மாற்றுவதும் விலையுயர்ந்த பிக்கப் வாங்குவதைவிட முதன்மையானவை.

பெருமைகள்

1992: ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

2009: தொழில்நுட்பப் பங்களிப்புக்கான கிராமி விருது இவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

புல்லர்டன் நகரில் ஜி அண்ட் எல் தொழிற்சாலை அமைந்திருந்த சாலைக்கு ஃபெண்டர் அவென்யூ என்பது பெயராகும்.